சிக்கி நின்ற ஹார்ட் டிஸ்க்: ஃப்ரீசர், கைமுறுக்கு, அழிறப்பர், காகிதத் துண்டு. எது எதற்கு?

#1 கொட்டாஞ்சேனை_ரவுட்டர்

வணக்கம். மேசையில் மூன்று டிஸ்க் இருக்கு, மூன்றும் எழும்பவில்லை.

அ: 3.5 அங்குலம், 1 டெராபைட். தனி 12 வோல்ட் அடப்டரோடு வெளிப்பெட்டிக்குள் இருந்தது. மடிக்கணினியின் 19 வோல்ட் அடப்டரை மாறிச் செருகியிருக்கிறார்கள். இப்போது சத்தமே இல்லை.

ஆ: 2.5 அங்குல வெளி டிஸ்க். யூஎஸ்பியிலிருந்துதான் கரண்ட் எடுக்கும். செருகியதும் மெல்லிய பீப் சத்தம் ஐந்தாறு தடவை, பிறகு அமைதி. விழவில்லை என்கிறார்கள்.

இ: 1990களின் தொடக்கத்து ஸ்கஸி (பழைய கணினிகளின் டிஸ்க் இணைப்பு முறை) டிஸ்க், 80 மெகாபைட். ஓர் அச்சகத்தின் பழைய மெக்கின்டோஷில் இருந்தது. உள்ளே தமிழ் எழுத்துருக்கள், பக்க வடிவமைப்புகள். கரண்ட் கொடுத்தால் ஒரு முனகல் கேட்கும், தட்டு சுற்றாது.

மூன்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரு இரவு ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? வேறு வழி இருந்தால் படிப்படியாகச் சொல்லுங்க. சோல்டர் பண்ணத் தெரியும், மல்ட்டிமீட்டர் இருக்கு.

#2 வெள்ளவத்தை_உப்புக்காற்று

தம்பி, ஒன்றையும் ஃப்ரீசரில் போடாதேங்கோ. மூன்றும் மூன்று நோய். "ஹார்ட் டிஸ்க் சிக்கிட்டுது" என்று ஒரே பெயரில் சொல்லுறதால்தான் ஒரே மருந்தும் சுத்துது. முதலில் காதால் பிரியுங்கோ.

சத்தமே இல்லை, தொட்டாலும் அதிர்வு இல்லை என்றால் கரண்ட் உள்ளே போகவில்லை. சர்க்கிட் போர்ட், கேபிள், அடப்டர் இவற்றில் ஒன்று.

பீப் அல்லது முனகல் என்றால் போர்ட் உயிரோடு இருக்கு. மோட்டரின் மூன்று சுருளுக்கும் மாறி மாறிக் கரண்ட் கொடுத்துத் தள்ளிப் பார்க்குது, தட்டு அசையவில்லை. சுருள் அதிர்வதுதான் அந்தப் பீப். ஸ்பீக்கர் ஒன்றும் உள்ளே இல்லை. காரணம் மூன்றில் ஒன்று: போதிய கரண்ட் இல்லை, ஹெட் (தரவு எழுதிய தட்டைப் படிக்கும் முனை) தட்டில் ஒட்டிப்போச்சு, மோட்டர் பெயாரிங் இறுகிப்போச்சு.

சுற்றும், ஆனால் டிக்... டிக்... என்று ஒரே தாளத்தில் அடிக்கும் என்றால் ஹெட்டால் தட்டில் எழுதியிருக்கும் வழிக்குறிகளைப் படிக்க முடியவில்லை. இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. போட்டுப் போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டும். கரண்டை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கோ.

அழகாகச் சுற்றும், சத்தமும் சுத்தம், ஆனால் கணினிக்குத் தெரியாது என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்), அல்லது போர்டுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள தொடுபுள்ளிகள்.

உங்கட அ போர்ட் கேஸ். ஆ-வில் மின்வலுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேணும். இ பழைய ஒட்டல் கேஸ், மூன்றிலும் அதுதான் கைவைத்தியத்துக்கு மசியும்.

இன்னொன்று. எதையும் எழுப்புறதுக்கு முன்னம் நகலெடுக்கப் போகிற டிஸ்க்கைத் தயாராக வையுங்கோ, மூலத்தை விடப் பெரிதாக. இந்த வழிகளில் எழும்பும் டிஸ்க் இரண்டாம் தடவை எழும்பும் என்று நம்ப ஏலாது. சுற்றத் தொடங்கிய பிறகு இடம் தேடி ஓடக்கூடாது.

#3 புறக்கோட்டை_சோல்டர்

அ-வை நான் பார்க்கிறேன்.

19 வோல்ட் போயிருந்தால் பெரும்பாலும் செத்தது ஒரு சின்ன டயோட். சாட்டா (இன்றைய டிஸ்க் இணைப்பு முறை) பவர் பின்களுக்குப் பக்கத்தில், போர்ட் ஓரமாக, கறுப்புச் செவ்வகமாக இரண்டு இருக்கும். ஒன்று 5 வோல்ட் பாதைக்கு, மற்றது 12 வோல்ட் பாதைக்கு. டிவிஎஸ் டயோட் என்பார்கள். வோல்ட் ஏறினால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. ஷார்ட் ஆன பிறகு அப்படியே நின்றுவிடும், அடப்டரும் சுருண்டு படுத்துவிடும். அதனால்தான் சத்தமே இல்லை.

செய்ய வேண்டியது: போர்டைக் கழற்றுங்க. 3.5 அங்குலத்தில் பெரும்பாலும் டி8 அல்லது டி9 நட்சத்திரத் திருகு, 2.5 அங்குலத்தில் டி6 அல்லது அதற்கும் சின்னது. மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து டயோடின் இரு முனையிலும் வையுங்க. 1 ஓமுக்குக் கீழே காட்டினால் ஷார்ட். ஒருமுறை ஊசியை மாற்றியும் அளந்து பாருங்க.

கழற்ற 350 பாகையில் இரும்பு, இரண்டு முனையிலும் தாராளமாகப் புது ஈயம், மாறி மாறிச் சூடாக்கினால் தானாக வழுக்கி வரும். சைட் கட்டரால் நெரித்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். செம்புத் தடம் உரிந்து வந்தால் வேலை இரட்டிப்பாகும், அதனால் எனக்கு அது பிடிக்காது.

டயோட் இல்லாமலே டிஸ்க் ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. ஆகவே சரியான, நல்ல பவர் சப்ளையில் போட்டு, நகல் எடுத்து முடித்துவிடுங்க. டயோடுக்குப் பக்கத்தில் பூச்சிய ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஃபியூஸ் மாதிரி இருக்கும். அது திறந்திருந்தால் மெல்லிய கம்பியால் பாலம் போடலாம், ஆனால் டயோட் ஷார்ட்டை எடுத்த பிறகுதான்.

டயோட் நன்றாக இருந்தும் போர்ட் செத்திருந்தால் மோட்டரை ஓட்டும் சிப் போயிருக்கும். அதே எண் கொண்ட போர்ட் தேட வேண்டும். டிஸ்க் மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, போர்டில் அச்சிட்ட எண் ஒன்றாக இருக்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலில் அது 2060 என்று தொடங்கும், சீகேட்டில் 100 என்று தொடங்கும் ஒன்பது இலக்கம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கமோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பழைய டிஸ்க் பெட்டியைக் கிளறும்போது ஸ்டிக்கரைப் பார்த்து எடுக்காதீங்க, கவிழ்த்துப் போர்டைப் பாருங்க.

போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கு ஏற்ற தனி அளவுகள் பழைய போர்டில் உள்ள எட்டுக்கால் ரொம் சிப்பில் இருக்கு. அதைக் கழற்றிப் புதுப் போர்டில் வைக்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்டில் யூ12 என்ற இடத்தைப் பாருங்க. அந்த இடம் வெறுமையாக இருந்தால் ரொம் பெரிய சிப்புக்குள்ளேயே இருக்கு. அப்போது பெரிய சிப்பையே மாற்ற வேண்டும், அது ஹொட் எயார் வேலை.

#4 கடலோரம்_6

சோல்டர் நானா சொன்னதோடு ஒரு சின்ன வேலை. போர்டைக் கழற்றிய கையோடு அதன் உட்பக்கத்தைப் பாருங்க. ஹெட் இணைப்பின் ஊசிகள் வந்து அழுத்துகிற சின்னச் சின்னத் தட்டைகள் வரிசையாக இருக்கும். அவை கறுத்துப் போயிருந்தால் அதுவே ஒரு நோய். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் இருக்கும் கணினிகளில் உப்புக்காற்றுக்கு இது சீக்கிரம் வரும்.

வெள்ளை அழிறப்பரால் மெதுவாக, ஒரே திசையில், பளபளப்பு வரும்வரை தேயுங்க. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான நீல றப்பர் வேண்டாம், அது பூச்சையே உரிக்கும். தூளைத் தூரிகையால் தட்டி, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, 10 நிமிடம் காய விடுங்க. மருந்துக்கடை 70 வீத ஸ்பிரிட்டில் தண்ணீர் இருக்கு, அதைத் தவிர்க்கலாம். டிஸ்க் பக்கத்தில் நிற்கும் ஸ்பிரிங் ஊசிகளை அழிறப்பரால் தொடாதீங்க, வளைந்துவிடும். அவற்றுக்கு அல்கஹோல் மட்டும்.

போர்ட் கழன்றிருக்கும்போதே மோட்டரின் நான்கு தொடுபுள்ளிகளையும் அளந்துவிடுங்க. மூன்று சுருளும் பொதுமுனைக்கு ஒரே அளவு, சில ஓம் மட்டும், காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வேறுபட்டால் மோட்டரே பழுது, போர்ட் தேடி அலைய வேண்டாம்.

#5 குளிர்பெட்டி

எல்லாரும் ஃப்ரீசரை ஒதுக்குகிறீர்கள். இந்த முறை வேலை செய்த டிஸ்க்குகள் உண்மையிலேயே உண்டு. குளிரில் உலோகம் சுருங்கும், இறுகிய பெயாரிங் விடும். ஏன் முற்றாகத் தள்ள வேண்டும்?

#6 ஈரப்பதம்_80

வேலை செய்தது உண்மை. எந்த டிஸ்க்கில் என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். மோட்டர் தண்டு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிப்பம். இரும்பும் அலுமினியமும் சுருங்கும் அளவு வேறு. 45 பாகை குளிர்ந்தால் அந்தத் தடிப்பத்தில் இரண்டுக்கும் இடையே வரும் வித்தியாசம் சுமார் 2 மைக்ரோன். பழைய குண்டு பெயாரிங்கில் அந்த 2 மைக்ரோன் ஒரு இறுக்கத்தை விடுவித்திருக்கலாம். 2000களின் தொடக்கத்திலிருந்து டிஸ்க்குகள் எண்ணெய்ப் படலப் பெயாரிங்குக்கு மாறிவிட்டன, 2001இன் பராகுடா ஏடிஏ 4 அதில் முன்னோடி. எண்ணெயைக் குளிரவைத்தால் தடிக்கும். ஏற்கெனவே தள்ள முடியாமல் திணறும் மோட்டருக்கு மேலும் சுமை ஏற்றுகிறோம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை நமது காற்று. கொழும்பில் 30 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதம் என்றால் பனிபடு நிலை 26 பாகை. அதாவது 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் தண்ணீர் படியும். ஃப்ரீசரில் இருந்து வரும் டிஸ்க் மைனஸ் 18. வெளியே எடுத்த நிமிடமே போர்ட் நனைந்துவிடும். ஹீலியம் அடைத்த வகைகளைத் தவிர மற்ற ஹார்ட் டிஸ்க்குகள் காற்றுப் புகாத பெட்டி அல்ல. மூடியில் "இந்தத் துளையை மூடாதே" என்று எழுதிய மூச்சுத்துளை இருக்கும், வடிகட்டி தூசியை நிறுத்தும், நீராவியை நிறுத்தாது. டிஸ்க் சூடாகும்போது காற்று வெளியேறும், குளிரும்போது உள்ளே இழுக்கும். உள்ளே போன ஈரம் தட்டில் படியும்.

இன்றைய ஹெட் படிக்கும்போது தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தலைமயிரின் தடிப்பமே அதைப்போல் பத்தாயிரம் மடங்கு வரும். அங்கே ஒரு நீர்த்துளி என்பது வீதியின் நடுவே மலை. அடித்ததும் ஹெட் போகும், தட்டின் காந்தப் பூச்சு தூளாகும், பிறகு எந்த ஆய்வுகூடத்தாலும் மீட்க முடியாது.

குளிர்ச்சிக்கு ஒரே நியாயமான இடம்: நன்றாக எழும்பி, நகலெடுக்கும்போது சூடேறிப் படிக்கத் திணறும் டிஸ்க். அதற்கும் ஃப்ரீசர் வேண்டாம். ஏசி அறையில், 24 பாகையும் 55 வீதமும் என்றால் பனிபடு நிலை 14க்கு இறங்கிவிடும், அங்கே வைத்து ஒரு பேன் காற்றைப் போர்டின் மேல் திருப்பிவிடுங்க. போதும்.

#7 குளிர்பெட்டி

26 பாகைக் கணக்கை நான் யோசித்ததில்லை. பொலித்தீனில் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்டு, பைக்குள்ளேயே ஓட்டினால்?

#8 ஈரப்பதம்_80

பைக்குள் அடைபட்ட காற்றிலேயே ஈரம் இருக்கு. சிலிக்கா ஜெல் அதை உறிஞ்சப் பல மணி நேரம் எடுக்கும். கேபிள் வெளியே வரும் இடத்தை முழுதாக அடைக்கவும் முடியாது. குண்டு பெயாரிங் வைத்த பழைய டிஸ்க்காக இருந்து, வேறு எல்லா வழியும் தீர்ந்து, தரவை இழக்கத் தயார் என்ற நிலையில் மட்டும் அதை யோசிக்கலாம்.

#9 வெள்ளவத்தை_உப்புக்காற்று

இ-க்கு வருவோம். இதில்தான் கைவேலைக்கு உண்மையான பலன் இருக்கு.

அந்தக் காலத்து டிஸ்க்குகளில் கரண்ட் போனதும் ஹெட் தட்டின் மேலேயே இறங்கி உட்காரும். தட்டும் ஹெட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பு, நடுவில் மசகுப் படலம். வருடக்கணக்கில் கிடந்தால், அதுவும் எங்கட ஈரத்தில், இரண்டு ஈரக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டுற மாதிரி ஒட்டிக்கொள்ளும். மோட்டரின் தொடக்க விசை அதைப் பிரிக்கப் போதாது. பின்னாளில் உட்காரும் இடத்தை லேசரால் சொரசொரப்பாக்கினார்கள், அதற்குப் பிறகு ஹெட்டைத் தட்டுக்கு வெளியே ஒரு சாய்தளத்தில் ஏற்றி வைக்கும் முறை வந்தது. உங்கட டிஸ்க் இரண்டுக்கும் முந்தியது.

முதலில் சூடு. குளிருக்கு நேர் எதிர். மூடிய அட்டைப்பெட்டிக்குள் ஒரு 40 வாட் பழைய மின்குமிழ், கொஞ்சம் தள்ளி டிஸ்க், கூடவே ஒரு வெப்பமானி. 40 முதல் 45 பாகை, ஒரு மணி நேரம். 50ஐத் தாண்ட விடாதேங்கோ. மசகு இளகும், ஈரமும் குறையும்.

பிறகு கைமுறுக்கு. டிஸ்க்கைக் கிடையாக, மூடி மேலே பார்க்க, இரண்டு பக்க விளிம்பிலும் பிடியுங்கோ. மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். நாங்கள் பெட்டியைக் கடிகாரத் திசையில் வெடுக்கென்று திருப்ப வேணும். பெட்டி திரும்பும், தட்டு தன் பாரத்தால் பின்தங்கும், அப்போது பெட்டிக்குள் அது தன் சரியான திசையில் நகர்ந்ததாக ஆகும். தொடக்கம் வெடுக்கென்று, நிறுத்தம் மெதுவாக. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்யினம். சடாரென்று நிறுத்தினால் தட்டு எதிர்த்திசையில் இழுபட்டு ஹெட்டின் மெல்லிய தகடு மடங்கும்.

கரண்ட் இல்லாமல் மூன்று தடவை, 45 பாகைத் திருப்பம். பிறகு கரண்டைக் கொடுத்துப் பாருங்கோ. அசையவில்லை என்றால் நீளமான பவர் கேபிளோடு கையில் வைத்து, கரண்ட் கொடுத்த முதல் இரண்டு விநாடிக்குள், மோட்டர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே முறுக்க வேணும். போர்ட் கையிலோ மேசையிலோ படாமல் கீழே ஒரு அட்டை. சுற்றும் சத்தம் ஏறத் தொடங்கியதும் கை அசையக்கூடாது. முழு வேகம் வரும்வரை அப்படியே பிடித்து, பிறகு மெதுவாக மென்மையான துணியில் கிடத்துங்கோ.

ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். மீண்டும் ஒரு மணி நேரம் சூடாக்கி, இன்னொரு ஆறு. சுத்தியலால் தட்டுறது, மேசையில் மோதுறது எல்லாம் ஹெட்டைத் தட்டில் குத்த வைக்கும். தள்ள வேண்டியது சுழற்சித் திசையில், அடிக்க வேண்டியது எங்கேயும் இல்லை.

தட்டு சுற்றியும் ஹெட் அசையும் டிக்டிக் கேட்கவில்லை என்றால் இன்னொரு வயதுக் கோளாறு. குவாண்டம் புரோடிரைவ் போன்ற அக்காலத்து டிஸ்க்குகளில் ஹெட் கை வந்து முட்டும் இடத்தில் ஒரு றப்பர் இருக்கும். காலம் போக அது வெல்லப்பாகு மாதிரி இளகி, கையைப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்து, றப்பரின் மேல் கப்டன் டேப் (வெப்பம் தாங்கும் மெல்லிய டேப்) ஒரு சுற்று சுற்றினால் பிடி விடும். அந்தக் காலத்து ஹெட் இன்றையதை விடப் பல பத்து மடங்கு உயரத்தில் பறந்ததால்தான் இந்தத் திறப்பைத் தாங்குது. இன்றைய டிஸ்க்கில் அதே துணிச்சலைக் காட்டாதேங்கோ.

#10 காகிதத்துண்டு

சுற்றுகிறது, தெரியவில்லை என்ற வகைக்கு ஒரு பிரபலமான உதாரணம் இழையில் இருக்க வேண்டும், பலர் தேடி வருவார்கள். சீகேட் பராகுடா 7200.11, எஸ்டி15 ஃபர்ம்வேர். 2009 ஜனவரியில் நிறுவனமே பிழையை ஏற்று அறிவித்தது. டிஸ்க் நன்றாகச் சுற்றும், ஆனால் பயோஸில் (கணினி எழும்பும்போது வரும் அமைப்புத் திரை) வராது, அல்லது கொள்ளளவு பூச்சியம் என்று வரும். தட்டில் ஒரு குறையும் இல்லை, ஃபர்ம்வேர் தன் குறிப்பேட்டில் சிக்கி வெளியே வர முடியாமல் நிற்கிறது.

தேவை: 3.3 வோல்ட் டிடிஎல் நிலையில் பேசும் யூஎஸ்பி சீரியல் மாற்றி. பழைய ஆர்எஸ்232 கேபிளை நேரே போட்டால் போர்ட் எரியும். வேகம் 38400, 8 பிட், பரிட்டி இல்லை, 1 ஸ்டொப் பிட். சாட்டா இணைப்புக்குப் பக்கத்தில் உள்ள நான்கு பின் கூட்டத்தில் அனுப்பு, பெறு இரண்டும், கிரவுண்ட் பவர் பக்கத்திலிருந்தும்.

போர்டைச் சற்றுத் தளர்த்தி, மோட்டர் தொடுபுள்ளிகளுக்கு இடையே தடித்த காகிதத் துண்டைச் செருகுங்க. கரண்ட் கொடுத்து, கண்ட்ரோல் விசையோடு இசட். எஃப்3 டி என்று காட்டி நிற்கும். சாய்கோடு 2, பிறகு பெரிய இசட். மோட்டர் நிறுத்தப்பட்டது என்று செய்தி வரும். இப்போது கரண்டை எடுக்காமலே காகிதத்தை மெதுவாக உருவி, திருகுகளை இறுக்குங்க. திருகு கையிலிருந்து விழுந்தால் போர்ட் ஷார்ட் ஆகும், காந்த முனை ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். பெரிய யூ, மோட்டர் சுற்றும். சாய்கோடு 1, பிறகு பெரிய என்1. கரண்டை 20 விநாடி எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்து, மீண்டும் கண்ட்ரோல் இசட், பிறகு சிறிய எழுத்தில் எம்0,2,2,0,0,0,0,22. செய்தி வரும்வரை கரண்டைத் தொடாதீங்க.

இந்தக் கடைசிக் கட்டளை முகவரி அட்டவணையைப் புதிதாகக் கட்டும். 7200.11க்கு இது மருந்து. பிந்திய சீகேட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் இருக்கும் அட்டவணையும் போய்விடும். மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் ஸ்டிக்கரில் இரண்டு தடவை வாசித்த பிறகுதான் கை வையுங்க.

#11 கடலோரம்_6

இன்னொரு பொய்ச்சாவு. வெளிப்பெட்டியை உடைத்து எடுத்த பெரிய கொள்ளளவு டிஸ்க்கை மேசைக் கணினியில் போட்டால் சுற்றாது, சத்தமும் வராது. செத்துவிட்டது என்று வீசுகிறார்கள். சாட்டா பவர் இணைப்பில் 3ஆம் பின்னுக்குப் புதிய நியமத்தில் "டிஸ்க்கை அணை" என்ற வேலை கொடுத்திருக்கிறார்கள். பழைய பவர் சப்ளை அதே பின்னில் 3.3 வோல்ட் அனுப்பும், டிஸ்க் கட்டளைக்குப் பணிந்து படுத்திருக்கும். டிஸ்க்கின் முதல் மூன்று பின்களையும் மெல்லிய கப்டன் டேப்பால் மூடினால் எழும்பும். மொலெக்ஸ் நான்கு பின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளிலும் எழும்பும், அதில் 3.3 வோல்ட் கம்பியே இல்லை.

#12 புறக்கோட்டை_சோல்டர்

ஆ-வை எல்லாரும் மறந்துவிட்டோம். 2.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது 5 வோல்ட்டில் ஏறத்தாழ 1 அம்பியர் கேட்கும். யூஎஸ்பி 2 தருவது அரை அம்பியர், யூஎஸ்பி 3 தருவது 0.9. மெல்லிய, ஒரு மீட்டர் கேபிளில் வோல்ட் இன்னும் விழும். பீப் சத்தத்தில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கணிப்பு. 30 சென்டிமீட்டர் தடித்த கேபிள், தனி 2 அம்பியர் அடப்டருள்ள யூஎஸ்பி ஹப். கணினியின் முன்பக்கத்தில் செருக வேண்டாம், பின்பக்கத்தில் நேரே மதர்போர்டில் செருகுங்க.

அப்படியும் பீப் என்றால் ஹெட் சாய்தளத்துக்குத் திரும்பாமல் தட்டில் நின்றிருக்கு. நகலெடுக்கும்போது விழுந்தாலோ, திடீரென்று கரண்ட் போய் ஹெட் பின்வாங்கத் தவறினாலோ அது நடக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தபோது, ஒழுங்காகக் கழற்றாமல் கரண்ட் போன வெளி டிஸ்க் எத்தனை என்று நினைத்துப் பாருங்க.

#13 ஈரப்பதம்_80

அந்த நிலையில் திறந்து பார்க்கலாமா என்று கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தரவு முக்கியம் என்றால் திறக்காதீங்க. திறந்த டிஸ்க்கை ஆய்வுகூடம் எடுத்தாலும் வாய்ப்புக் குறைந்துவிடும்.

தரவு போனாலும் பரவாயில்லை, பழக வேண்டும் என்றால் விதிகள் இவை. பேனை நிறுத்தி, தரையை நனைத்துத் துடைத்து, ஒரு மணி நேரம் யாரும் நடமாடாத அறை. நைட்ரைல் கையுறை, முகக்கவசம். மூடித் திருகுகளில் ஒன்று ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும், அதைப் பார்க்காமல் நெம்பினால் மூடி வளையும். ஹெட் தட்டில் நிற்பது தெரிந்தால் கையை மட்டும் இழுக்கக்கூடாது, தட்டைச் சுற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், நடுக்கவ்வியின் மேல் விரலை வைத்து. நடுத்திருகில் ஸ்க்ரூட்ரைவர் போட்டுச் சுற்றுவதைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். எதிர்த்திசை என்பது திருகு கழலும் திசையும்தான். கவ்வி தளர்ந்தால் தட்டுகள் ஒன்றுக்கொன்று நகரும், அதோடு முடிந்தது. 2.5 அங்குலத் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, அழுத்தினால் நொறுங்கும்.

கை சாய்தளத்தில் ஏறியதும் மூடியைப் போட்டுத் திருகை இறுக்கி, நேரே நகலெடுப்பு. அந்த டிஸ்க் சில மணி நேரத்துக்கு மேல் வாழும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

#14 கொட்டாஞ்சேனை_ரவுட்டர்

அனைவருக்கும் நன்றி. அளந்த விபரம்:

அ: 12 வோல்ட் பக்க டயோட் 0.4 ஓம். எடுத்தேன். சுற்றுகிறது, சத்தம் சுத்தம். பயோஸில் பெயர் வருகிறது.

ஆ: தடித்த கேபிள், தனி அடப்டர் ஹப். பீப் நின்றது, சுற்றுகிறது. ஆனால் ஒரு கோப்புறையைத் திறக்க இரண்டு நிமிடம் எடுக்கிறது.

இ: ஒரு மணி நேரம் 43 பாகை. இரண்டாம் சுற்றில் நான்காம் முறுக்கில் எழும்பியது. இப்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கணினியில் போட அடப்டர் இல்லை.

#15 வெள்ளவத்தை_உப்புக்காற்று

ஆ-வில் கோப்புறை திறக்கிறதை உடனே நிறுத்துங்கோ தம்பி. விண்டோஸிலிருந்து கழற்றுங்கோ. அது "டிஸ்க்கைச் சரிபார்க்கவா, ஃபோர்மட் பண்ணவா" என்று கேட்கும், ஒன்றுக்கும் ஆம் சொல்லாதேங்கோ. செக்டிஸ்க் ஓடினால் பழுதான இடத்தில் எழுதத் தொடங்கும்.

லினக்ஸ் பென்டிரைவில் ஏறி, டிடிரெஸ்கியூ (பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் நிரல்). டிஸ்க் தானாக மவுண்ட் ஆகாமல் பாருங்கோ. எது மூலம் எது இலக்கு என்று சீரியல் எண்ணைப் பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கோ, மாறினால் திரும்ப வராது. முதல் ஓட்டத்தில் சிறிய "என்" சுவிட்ச்: கடினமான இடங்களை நோண்டாமல் தாண்டி, படிக்கக்கூடியதை எல்லாம் அள்ளும். சிறிய "டி" சுவிட்ச் இடைத்தேக்கத்தைத் தவிர்க்கும். மூன்றாவதாக வரைபடக் கோப்பின் பெயர் கட்டாயம் கொடுங்கோ, அதை மூன்றாம் டிஸ்க்கில் வையுங்கோ. நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் உயிர். இரண்டாம் ஓட்டம் பெரிய "ஆர்", பின்னாலிருந்து முன்னுக்கு. கடைசியாகச் சிறிய "ஆர்" 3, விடுபட்ட இடங்களில் மூன்று முயற்சி.

அதற்கு முன்னம் ஸ்மார்ட் விபரத்தில் (டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பு) 5, 197, 198 என்ற பழுதான இடங்களின் கணக்கு மூன்றையும் பாருங்கோ. 197 ஏறிக்கொண்டே போனால் தட்டோ ஹெட்டோ கெட்டுக்கொண்டு போகுது, அவசரம். 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றுங்கோ, டிஸ்க்கில் குறையில்லை.

#16 கடலோரம்_6

ஆ-வைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரே சாட்டாவில் போட்டால் நல்லது, யூஎஸ்பி மாற்றிகள் பழுது செக்டரில் (தட்டின் சிறு பகுதி) உறைந்துவிடும். ஆனால் சில வெளி டிஸ்க்குகளில் போர்டிலேயே யூஎஸ்பி வைத்து அச்சடித்திருக்கும், சாட்டா இணைப்பே இருக்காது. சிலவற்றில் அந்த மாற்றிச் சிப்பே தரவை மறைகுறியாக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் வரிசையில் அப்படிப் பல உண்டு. அந்த வகை என்றால் பெட்டியோடு வந்த போர்டை எறியக்கூடாது. அ-வுக்கும் இது பொருந்தும்: பெயர் வருகிறது, பார்ட்டிஷன் வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்க.

#17 காகிதத்துண்டு

இ-க்கு புளூஸ்கஸி இரண்டாம் பதிப்பு அல்லது சூலுஸ்கஸி, ஸ்கஸி டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்டி அட்டையை வைக்கும் பலகைகள். இரண்டிலும் தானே தலைமை எடுத்து டிஸ்க்கைப் படித்து, எஸ்டி அட்டையில் முழுப் படிமமாக எழுதும் நிலை இருக்கு. 80 மெகாபைட்டுக்குச் சில நிமிடம்தான். கேபிளின் இரு முனையிலும் டெர்மினேஷன் (முனையை முடிக்கும் ரெசிஸ்டர்கள்) இருக்கா என்று பாருங்க, இல்லையென்றால் பாதியில் பிழை வரும். பலகை கைக்கு வரும்வரை டிஸ்க்கை இரவுபகலாக ஓட விட வேண்டாம். நிறுத்திவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்க. ஒருமுறை பிரிந்தது மீண்டும் ஒட்டாது என்று உறுதி இல்லை, ஒட்டினால் திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும்.

#18 கொட்டாஞ்சேனை_ரவுட்டர்

அ முழு நகல் முடிந்தது, பிழை பூச்சியம். ஆ இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு 99.6 வீதம். இ படிமம் எடுத்தேன், 11 செக்டர் படிக்கவில்லை. திரும்பத் திரும்ப முயற்சிக்கவா? எழுத்துருக் கோப்புகளை விண்டோஸுக்கு நகலெடுத்தால் எல்லாம் பூச்சிய பைட் என்று காட்டுகிறது.

#19 வெள்ளவத்தை_உப்புக்காற்று

11 செக்டருக்கு: டிஸ்க்கின் கரண்டை எடுத்து, பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து ஒரு தடவை, தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தடவை படியுங்கோ. தேய்ந்த குண்டு பெயாரிங்கில் நிலை மாறினால் தட்டின் ஆட்டம் மாறும், சில செக்டர் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பக்கூடாது. இரண்டு நிலையிலும் மும்மூன்று தடவைக்கு மேல் வேண்டாம்.

பூச்சிய பைட் பழுது இல்லை. பழைய மெக்கின்டோஷ் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு கிளையாக வைக்கும், எழுத்துரு முழுவதும் வளக்கிளையில் இருக்கும். விண்டோஸுக்குக் கோப்பு கோப்பாக இழுத்தால் அந்தக் கிளை கழன்று விழும். படிமத்தை உடைக்காமல் அப்படியே வைத்து, பசிலிஸ்க் 2 போன்ற போலிப்பொறியில் (பழைய மெக்கின்டோஷ் போல இயங்கும் நிரல்) ஏற்றித் திறவுங்கோ. வெளியே எடுக்க வேணும் என்றால் அங்கேயே ஸ்டஃபிட்டால் பொதியாக்கி, அந்தப் பொதியை பின்ஹெக்ஸ் ஆக மாற்றி வெளியே கொண்டுவாங்கோ, இரண்டு கிளையும் சேர்ந்து வரும். அந்த எழுத்துருக்கள் யுனிகோடுக்கு முந்தியவை. பக்கக் கோப்புகளில் இருக்கிறது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான், எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஒரு சொல்லும் விளங்காது. இரண்டையும் ஒரே படிமத்தில், இரண்டு இடத்தில் வையுங்கோ.

#20 கொட்டாஞ்சேனை_ரவுட்டர்

கவிழ்த்து வைத்ததில் 9 செக்டர் வந்தது. மிச்சம் 2. அவை எந்தக் கோப்பில் விழுகின்றன என்று படிமத்தில் பார்த்தேன், இரண்டும் காலியான இடம். எழுத்துருக்கள் பசிலிஸ்கில் திறக்கின்றன.